நூற்று நாற்பத்து மூன்றாம் பதிவு

சதாசிவத்துக்கு எண்ணுவதென்றால் சோறு தண்ணீர் வேண்டாம். டெல்லி ஜங்புராவில் அவர் குடியிருக்கும் இரண்டாம் மாடிக்கு எத்தனை படி, தெருவில் எத்தனை நாய், அவற்றில் குடும்பக் கட்டுப்பாடு முடிந்து காது நுனி வெட்டப்பட்டவை எத்தனை என்று கேட்டால், காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொல்லிவிடுவார். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பிறந்தவர். அப்பா ஒரு மந்திரி அலுவலகத்தில் குமாஸ்தா. தமிழ்ப் பள்ளியில் படித்து, புள்ளியியலில் பட்டம் வாங்கி, முப்பத்து மூன்று வருடம் அரசாங்கக் கணக்கெடுப்பு வேலையில் கழித்தார்.

அந்த முப்பத்து மூன்று வருடத்தில் அவர் எண்ணாத பொருளில்லை. பீகாரில் எத்தனை வீட்டில் கொசுவலை, ஒடிசாவில் எத்தனை வீட்டில் விறகடுப்பு, ராஜஸ்தானில் எத்தனை வீட்டில் கழிப்பறை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். "வீட்டில் கழிப்பறை உண்டா?" என்ற கேள்விக்கு அடுத்த கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்று அவர் எழுதிய குறிப்பு ஒன்று இன்றும் எங்கோ ஒரு கோப்பில் இருக்கும். அந்த வீட்டில் வேலை செய்கிறவர்கள் அதற்குள் போகலாமா என்று கேட்க வேண்டுமென அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. கேட்கச் சொல்லி யாரும் அவருக்கு உத்தரவு போடவும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகும் மனிதர் சும்மா இருக்கவில்லை. சுகாதார ஆய்வு செய்யும் ஒரு தனியார் நிறுவனம் அவரை ஆலோசகராக வைத்துக்கொண்டது. அங்கே திட்டத் தலைவன் ஜெயந்த். துவாரகாவில் இருந்து மெட்ரோவில் வருகிற, முப்பத்து நாலு வயசுப் பையன். தமிழில் ஆரம்பித்து ஹிந்தியில் வளைந்து ஆங்கிலத்தில் முடிப்பான். ஆனால் சதாசிவத்தை 'சார்' என்று அழைக்கும்போது மட்டும் குரலில் ஒரு பணிவு வரும். அந்தப் பணிவுக்காகவே சதாசிவம் வாரத்தில் நாலு நாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார் என்று சொன்னால் தப்பில்லை.

ஆய்வு இதுதான். டெல்லியில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் வேலை நேரத்தில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள், எங்கே ஒதுங்குகிறார்கள், அதனால் உடம்புக்கு என்ன வருகிறது. கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அந்தப் பெண்களைப் பிடிப்பது எப்படி? பட்டியல் இருந்தால் குலுக்கிப் போட்டு எடுத்துவிடலாம். வீட்டுவேலை செய்கிறவர்களுக்குப் பட்டியல் ஏது? வேலை செய்யும் வீட்டுக்குப் போனால் வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்துவான். வீட்டுக்காரியை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டால் யார் உண்மை சொல்வாள்? அவர்கள் குடியிருக்கும் இடத்துக்குப் போகலாம் என்றால், ஜங்புராவில் வேலை செய்த தமிழ்ப் பெண்களில் பாதிப்பேர் இருந்த மதராசி கேம்ப் என்ற குடிசைப்பகுதி அந்த வருடம் ஜூன் மாதம்தான் இடிபட்டிருந்தது. கொஞ்சம் பேர் ஊரின் வடகோடியில் நரேலாவில் கிடைத்த மாற்று வீட்டுக்குப் போனார்கள், மீதிப்பேர் திசைக்கொருவராகச் சிதறினார்கள்.

அங்கேதான் சதாசிவம் கையைத் தூக்கினார். "பட்டியல் வேண்டாம். அவங்களே அவங்களைக் கூட்டிட்டு வருவாங்க," என்றார். ஆறு பெண்களிடம் ஆரம்பிப்பது. பேட்டி முடிந்ததும் ஒவ்வொருத்தி கையிலும் மூன்று கூப்பன். தன்னைப்போல் வீட்டுவேலை செய்கிற, தனக்குத் தெரிந்த மூன்று பேருக்கு அவள் அதைக் கொடுக்க வேண்டும். அந்த மூவர் வந்து பேட்டி கொடுத்தால் அவர்களுக்கும் ஆளுக்கு மூன்று. யார் மூலம் யார் வந்தார் என்பது கூப்பன் எண்ணில் தெரியும், பெயர் யாருக்கும் தெரியாது. வெளிநாட்டில் யாரோ கண்டுபிடித்த முறைதான். ஆய்வுக் கமிட்டியில் சதாசிவம் விளக்கிய விதத்தைப் பார்த்தவர்கள், அது அவர் பெற்று வளர்த்த பிள்ளை என்றே நினைத்திருப்பார்கள்.

விதிகளையும் அவரே எழுதினார். பதில் சொன்னவர் யார் என்று ஊகிக்க முயலக்கூடாது. தெரிந்தவர் என்று தெரிய வந்தால் உடனே திட்டத் தலைவரிடம் சொல்லிவிட்டு அந்தப் பதிவிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். நம்ப முடியாத பேட்டியைக் காரணம் எழுதி நீக்கலாம், நீக்கினால் அந்தப் பேட்டியைக் கொடுத்தவளின் கூப்பன் வழியாக வந்தவர்களும் சேர்ந்தே போவார்கள். இரண்டு மாதம் கழித்து எல்லோரிடமும் முக்கியமான கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும், நீக்கப்பட்டவர்களிடம் மட்டும் கேட்க வேண்டியதில்லை. நீக்கும் அதிகாரம் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அந்த ஒருவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வருகிற பெண்களுக்கு என்ன பரிசு கொடுப்பது என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். கடைசியில் ஜெயந்த், "தண்ணி பத்தின சர்வே, தண்ணி பாட்டில்தான் சார் பர்ஃபெக்ட்," என்றான். பச்சை நிறத்தில் ஸ்டீல் பாட்டில், மேலே ஆய்வின் சின்னமாக ஒரு நீர்த்துளி. பேட்டி எடுக்க அமர்த்தியிருந்த தமிழ்செல்வி மட்டும் முணுமுணுத்தாள். கேம்ப்பில் பிறந்து வளர்ந்த பெண் அவள். "குடிச்சிட்டு எங்க சார் போவாங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சதாசிவமும் சிரித்தார்.

செப்டம்பரில் ஆரம்பித்த ஆய்வு நவம்பரில் மளமளவென்று வளர்ந்தது. கூப்பன்கள் பக்கத்துப் பேட்டையான போகலுக்குப் போயின, நிஜாமுதீனுக்குப் போயின, ஒரு கிளை நரேலா வரைக்கும் நீண்டது. நரேலாவிலிருந்து விடிகாலை கிளம்பி ஜங்புராவுக்கே வேலைக்கு வரும் பெண்கள் இருக்கிறார்கள் என்பதே அந்தக் கிளை மூலம்தான் நிறுவனத்துக்குத் தெரிந்தது. சதாசிவம் அந்தக் கிளையைப் படமாக வரைந்து தன் மேசைக்கு மேல் ஒட்டிக்கொண்டார்.

ஒரு புதன்கிழமை காலை. வெளியே புகைமூட்டம், எதிர்வீடு தெரியவில்லை. வீட்டில் கோவிந்தம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி, நாற்பத்தாறு வயசு, பதினொரு வருடமாக இந்த வீட்டில் வேலை. கேம்ப் இருந்தவரை பத்து நிமிட நடை. இப்போது நரேலாவிலிருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு மெட்ரோவுமாக வருகிறாள். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போன சதாசிவம், ஜன்னல் கம்பியில் அவள் மாட்டியிருந்த ஒயர் பையைப் பார்த்தார். பையிலிருந்து பச்சை நிறப் பாட்டில் ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் நீர்த்துளி.

அவருக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. ஆறு பேரிடம் ஆரம்பித்த கூப்பன் ஊரெல்லாம் சுற்றி அவர் சமையலறைக்கே வந்து சேர்ந்திருக்கிறது! அடுத்த கூட்டத்தில் இதை எப்படிச் சொல்லலாம், எந்த இடத்தில் நிறுத்திச் சொன்னால் ஜெயந்த் கண்ணை விரிப்பான் என்றெல்லாம் யோசித்தபடி அறைக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தார். ஊகிக்கக் கூடாது என்ற விதி நினைவுக்கு வந்தது. ஊகிக்கவில்லை, சும்மா பார்க்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தன் புகழைப் பிறர் வாயால் கேட்கிற ஆசை அவருக்கு. தமிழ் வீடு, பதினொரு வருடம், தீபாவளிக்குப் புடவை, காய்ச்சல் என்றால் மாத்திரை. தன் வீட்டைப் பற்றி அவள் நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருப்பாள் என்று அவர் மனமார நம்பினார். அதுதான் இதில் பெரிய வெட்கக்கேடு.

கண்டுபிடிக்க நேரமாகவில்லை. தாய்மொழி தமிழ், வயது நாற்பத்தாறு, முன்பு கேம்ப், இப்போது நரேலா, வேலை ஜங்புராவில் மூன்று வீடு. பதிவு எண் நூற்று நாற்பத்து மூன்று. கிளம்புவது காலை நாலே முக்கால். வீடு திரும்புவது மாலை ஐந்து. இடையில் தண்ணீர் குடிப்பது: இல்லை. கடந்த ஆறு மாதத்தில் நீர்க்கடுப்பு, காய்ச்சல்: நாலு தடவை. முதல் வீடு, கிழவியம்மா தனியாக இருக்கிறார், கழிப்பறைக்குப் போகலாம், ஆனால் அங்கே வாரம் இரண்டு நாள்தான் வேலை. இரண்டாவது வீடு, கீழே டிரைவர்கள் போகிற இடம், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மூன்றாவது வீடு, பதினொரு வருடம், இரண்டு கழிப்பறை உண்டு, ஒரு தடவை கூடப் போனதில்லை.

கீழே குறிப்பு என்ற இடத்தில் தமிழ்செல்வி நிறைய எழுதியிருந்தாள். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது. கேட்டதை அப்படியே ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தாள். அதைக் கண்ணால் படிக்க முடியாது, வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். சதாசிவம் உதட்டை அசைத்துப் படித்தார். தன் குரலிலேயே கோவிந்தம்மாளின் பேச்சு கேட்டது.

"ரெண்டாவது வருசம் ஒரு தடவ கேட்டேன். அன்னிக்கி எனக்கு ரொம்ப முடியல. அம்மா, பைப்பு அடைச்சிகினு கீதுன்னாங்க. சார் சோபாவுல பேப்பர் படிச்சிகினு இருந்தாரு. ஒண்ணும் சொல்லல. பேப்பரத் தூக்கி மூஞ்சிக்கு நேரா புடிச்சிகினாரு. நல்ல மனுசங்கதான். அதுக்கு அப்பால நான் கேக்கல."

சதாசிவம் மடிக்கணினியை மூடினார். மூடிவிட்டால் மறந்துவிடுமா? அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. மறந்ததே இல்லை என்பதுதான் நிஜம். சமையலறைக்குப் பின்னால் பால்கனியை ஒட்டிய கழிப்பறை அடைத்துக்கொண்டதே கிடையாது. குளிர்காலத்தில் அதற்குள் கூலர் நிற்கும், வெயில் காலத்தில் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகளை வைத்த டிரங்குப் பெட்டி நிற்கும். அன்றைக்கு அவர் மனைவி ருக்மிணி அந்தப் பொய்யைச் சொன்னபோது, அவளைத் தவிர அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அவர் பேப்பரைத் தூக்கினார். கோவிந்தம்மாள் பாதிப் பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள். அரைமணி கழித்து வந்தாள். புடவையின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது, எங்கோ குழாயடியில் அலசிக்கொண்டு வந்திருக்கிறாள். அப்படியே நின்று மீதிப் பாத்திரத்தைத் தேய்த்துவிட்டுப் போனாள். அவர் பார்த்தார். ருக்மிணியும் பார்த்தாள். அதைப் பற்றி அந்த வீட்டில் இதுவரை யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

முகமெல்லாம் எரிந்தது. முப்பத்து மூன்று வருடம் ஊரார் வீட்டுக் கழிப்பறையை எண்ணியவன்! அந்தக் குறிப்பை ஜெயந்த் படிப்பான், கமிட்டி படிக்கும். யார் வீடு என்று அவர்களுக்குத் தெரியாதுதான். ஆனால் ஜெயந்த் இந்த வீட்டில் இரண்டு தடவை சாப்பிட்டிருக்கிறான், கோவிந்தம்மாள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறான், அந்த சோபாவில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவர் மறுபடி மடிக்கணினியைத் திறந்தார். நூற்று நாற்பத்து மூன்றுக்கு எதிரே இருந்த கட்டத்தில், 'நம்பத்தக்கதல்ல' என்பதைத் தேர்ந்தெடுத்தார். காரணம் கேட்டது. 'ஒரே வீட்டில் நீண்ட கால வேலை. பதில் மிகைப்படுத்தப்பட்டதாகத் தெரிகிறது' என்று எழுதினார். எழுதி முடிக்கும்போது சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் ஜெயந்த் அவர் மேசைக்கு வந்தான். "சார், ஒன் ஃபார்ட்டி த்ரீ போனா அதுக்குக் கீழ பத்தொம்பது பேரும் போயிடுறாங்க. நரேலா கிளை மொத்தமும் அதுதான்," என்றான். அவர் தலைக்கு மேலேயே அந்தப் படம் ஒட்டியிருந்தது. அதன் அடிமரத்தில் யார் நிற்கிறாள் என்று அவர் முந்தின நாள் பார்க்கவில்லை. பார்க்க நேரம் இருந்தது, தைரியம் இல்லை.

"விதின்னா விதிதானே," என்றார் சதாசிவம். தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது.

"அச்சா, நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். அப்ப நரேலா பெண்களைப் பத்திச் சொல்லப் போதுமான தகவல் இல்லைன்னு முதல் கட்ட ரிப்போர்ட்ல போட்டுடறேன். நாளைக்கு ஃப்ரைடே மத்தியானம் அனுப்பணும்." அவன் திரும்பிக் கூப்பிட்டான். "தமிழ்செல்வி, இதர் ஆவ். ஒன் ஃபார்ட்டி த்ரீ நீதானே எடுத்தே?"

தமிழ்செல்வி வந்து நின்றாள். பதிவு நம்பத்தக்கதல்ல என்றால் முதலில் சந்தேகம் பேட்டி எடுத்தவள் மேல்தான் விழும். அவளுக்கும் அது தெரியும். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் தளரவில்லை. "நான் சேத்து எழுதல சார். அந்த ஆன்ட்டி சிரிச்சிட்டேதான் சொன்னாங்க. அழுதிருந்தாக்கூட நான் டவுட் பட்டிருப்பேன். வீடு எதுன்னு நானும் கேக்கல, அவங்களும் சொல்லல. அந்த வீட்டைத் திட்டக்கூட இல்ல சார்."

"பாக்கலாம்மா," என்றார் சதாசிவம். மேசையில் கிடந்த ஏதோ ஒரு காகிதத்தை எடுத்து உற்றுப் பார்த்தார். அது கேன்டீன் பில்.

அன்று மாலை நாலரைக்கே வீட்டுக்கு வந்தவர், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகப் பின்பக்கக் கழிப்பறைக்குப் போனார். கூலரை இழுத்து வெளியே போட்டார். பழைய பேப்பர் கட்டு, உடைந்த பக்கெட், அரிசி டப்பா எல்லாம் பால்கனிக்கு வந்தன. ஆசிட்டை ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்தார். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் தங்காமல் சரசரவென்று இறங்கியது. அது இறங்கின வேகம் அவரைக் கேலி செய்வது போலிருந்தது.

சத்தம் கேட்டு ருக்மிணி வந்தாள். "என்னங்க இது, திடீர்னு என்ன வந்துச்சு உங்களுக்கு?"

"நாளையிலேர்ந்து கோவிந்தம்மா இதை யூஸ் பண்ணட்டும்."

கழிப்பறை வாசலில் அவர் முழங்கால் வரை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நிற்பதை ருக்மிணி பார்த்தாள். "அவ உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?" என்றாள்.

"இல்ல. எனக்கே தோணிச்சு." இதுவும் பொய். ஆனால் உண்மையைச் சொன்னால் கோவிந்தம்மாள் ஆய்வுக்குச் சொன்னதை இவளிடம் போட்டுக் கொடுத்ததாக ஆகும். உண்மை பேச ஆசைப்பட்ட நேரத்தில் அவர் எழுதிய விதியே வாயைக் கட்டியது.

"பத்து வருசம் கழிச்சா தோணிச்சு?" ருக்மிணியின் குரல் உயர்ந்தது. "நான் அன்னைக்குச் சொன்னது பொய்தான். எங்கம்மா வீட்ல அப்படித்தான், வேலைக்காரங்களை விட்டதில்ல. பழக்கத்துல வாயில வந்துடுச்சு. அவ ஈரப் புடவையோட வந்து நின்னப்ப எனக்கு அப்படியே செத்துடலாம் போல இருந்துச்சு. நீங்க ஒரு வார்த்தை, 'இல்ல ருக்கு, அடைப்பெல்லாம் சரியாயிடுச்சு'ன்னு சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? எனக்காவது பொய் சொல்ற அளவுக்கு வாய் இருந்துச்சு. உங்களுக்கு அதுவும் இல்ல." சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பத்து நிமிடம் கழித்துப் புதுச் சோப்பு ஒன்றும் சின்னத் துண்டு ஒன்றும் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கோவிந்தம்மாள் வழக்கம்போல ஒன்பது மணிக்கு வந்தாள். சதாசிவம் சோபாவில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் படிப்பு ஓடவில்லை, காது முழுக்கச் சமையலறையில் இருந்தது.

"கோவிந்தம்மா," என்று ருக்மிணி ஆரம்பித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "பின்னாடி பாத்ரூம் சரி பண்ணியாச்சு. நீ அதை யூஸ் பண்ணிக்கோ. சோப்பு, துண்டு எல்லாம் உனக்குத்தான். அவ்ளோ தூரத்துலேர்ந்து வரே."

பாத்திரச் சத்தம் நின்றது. "நெசமாவாமா?" என்றாள் கோவிந்தம்மாள். அந்த ஒரு வார்த்தையில் இருந்த சந்தோஷம் சதாசிவத்தின் நெஞ்சைக் கொஞ்சம் லேசாக்கியது. ஆனால் அவள் குழாயை இரண்டு தடவை மூடித் திறந்தாள். "ரொம்ப சந்தோசம்மா. ஆனா இப்ப வேணாம்மா. ஜனவரிலேர்ந்து போய்க்கிறேன்."

"ஏன்? அதென்ன ஜனவரி?"

"கோச்சிக்காதீங்க. போகல்ல ஒரு சர்வே வெச்சாங்கமா, எங்கள மாதிரி வேலைக்குப் போறவங்களுக்கு. இந்தப் பாட்டிலு அவங்க குடுத்ததுதான். எந்த வீட்ல பாத்ரூம் விடுறாங்க, எந்த வீட்ல விடலன்னு கேட்டாங்க. பேரு, வீட்டு நம்பரு ஒண்ணும் கேக்கலமா, சத்தியமா. நான் இந்த வீட்ல இல்லைன்னு சொல்லிட்டேன். ரெண்டு மாசம் களிச்சி அதே கேள்விய மறுக்கா வந்து கேப்பாங்களாம். பதிலு ஒண்ணா இருந்தாதான் நம்புவாங்களாம். இப்ப நான் போயிட்டா, அப்ப என்னான்னு சொல்றது? இல்லைன்னா பொய்யி. ஆமான்னா, அன்னிக்கி சொன்னது பொய்யின்னு ஆயிடும். நான் பொய் சொல்லலமா. என்ன நம்பித்தான் நரேலாவுல இருக்கறவளுங்க அத்தினி பேரும் வந்து பதில் சொன்னாளுங்க. அவங்க வந்து கேட்டுட்டுப் போவட்டும். அது வரிக்கும் எப்டியோ சமாளிச்சிக்கிறேன்."

ருக்மிணி என்ன பதில் சொன்னாள் என்று சதாசிவத்துக்குக் கேட்கவில்லை. பேப்பர் தன் முகத்துக்கு நேரே இருப்பதை அப்போதுதான் கவனித்தார். எப்போது தூக்கினார் என்று அவருக்கே தெரியவில்லை. கைகள் தாமாகவே தூக்கியிருக்கின்றன.

அந்த மறுகேள்வி வரவே வராது. நீக்கப்பட்டவர்களிடம் கேட்க வேண்டியதில்லை. ஜனவரி வரும், பிப்ரவரி வரும், அவள் நாலே முக்காலுக்குக் கிளம்பி, தொண்டை வறள, வராத ஆளுக்காகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருப்பாள். தான் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று அவள் சிறுநீரை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். 'நம்பத்தக்கதல்ல' என்று எழுதிய பெரிய மனிதர் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். சதாசிவத்துக்குத் தன் மேலேயே ஒரு அருவருப்பு வந்தது. அவளிடம் போய் எல்லாவற்றையும் கொட்டி மன்னிப்புக் கேட்கலாமா என்று எழுந்தார். கேட்டால் அவருக்குப் பாரம் குறையும். அவள், பெயர் தெரியாது என்று நம்பிச் சொன்னதை வீட்டுக்காரரே படித்திருக்கிறார் என்று அறிந்து நடுங்குவாள், நரேலாப் பெண்களிடம் என்ன முகத்தோடு பேசுவாள்? மன்னிப்புக் கேட்கும் சுகம்கூடத் தனக்குக் கிடையாது என்று புரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இஸ்திரி போடாத சட்டை. படிகளை எண்ணாமல் இறங்கினார்.

அலுவலகத்தில் ஜெயந்த் அறிக்கையைத் திரையில் வைத்துக் கடைசிப் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தான். மூலையில் தமிழ்செல்வி யாருடனும் பேசாமல் கூப்பன் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சதாசிவம் தன் இடத்தில் உட்கார்ந்து நூற்று நாற்பத்து மூன்றைத் திறந்தார். நீக்கியதை ரத்து செய்தார். பத்தொன்பது பேரும் ஒவ்வொருவராகத் திரையில் திரும்பி வந்தார்கள். காரணம் கேட்டது. 'பதில் முழுவதும் உண்மை. நீக்கியவர் பொய்க் காரணம் எழுதினார்' என்று அடித்தார். கீழே அவர் பெயர் தானாகவே விழுந்தது. அதை ஒரு தாளில் அச்செடுத்துக்கொண்டு ஜெயந்தின் மேசைக்குப் போனார்.

ஜெயந்த் படித்தான். மறுபடியும் படித்தான். "நீக்கினது நீங்கதானே சார்? என்ன சார் இது, எனக்குப் புரியல. அது உண்மைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தமிழ்செல்வியின் கை நின்றுவிட்டது. சதாசிவம் கையை நீட்டி ஜெயந்திடமிருந்து தாளைத் திரும்ப வாங்கினார். சொல்லிவிட்டால் அந்த 'சார்' என்ற சொல் இனி பழைய மாதிரி ஒலிக்காது. கையிலிருந்த தாள் மெல்ல மெல்ல உயர்ந்து அவர் மோவாய் வரை வந்திருந்தது. அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"பேட்டி குடுத்தவங்க எனக்குத் தெரிஞ்சவங்கன்னா உங்ககிட்ட சொல்லணும்னு விதி இருக்கு. புதன்கிழமையே சொல்லியிருக்கணும்," என்றார். "அந்த மூணாவது வீடு என் வீடு, ஜெயந்த். சோபாவுல இருந்தது நான்தான்."